சீலியாக் உள்ளவருக்கு டேர்ம் பாலிசி, டிராவல் பாலிசி: எது, எப்போது?

காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் ப்ரொபோசல் ஃபார்மில் "செரிமானக் கோளாறு உண்டா?" என்ற கட்டத்தில் ஏஜென்ட் "கோதுமை அலர்ஜி" என்று எழுதிவிட்டால் அங்கேயே சிக்கல் ஆரம்பம். சீலியாக் அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "மார்ஷ் 3" (சிறுகுடல் சேதத்தின் நிலை) என்றும் ஃபார்மில் அலர்ஜி என்றும் இருந்தால், க்ளெய்ம் வரும்போது அது மறைப்பாகவே படிக்கப்படும். ஏஜென்ட்டையும் குறை சொல்ல முடியாது. வடக்கே பழகிப்போன இந்தப் பெயர் இட்லியும் சோறும் தின்னும் சென்னையில் பலருக்குப் புதிது. ஃபார்மை நீங்களே நிரப்புங்கள்.

ஆயுள் காப்பீடு: இப்போதா, ஒரு வருஷம் கழித்தா?

நோய் கண்டுபிடித்த சூட்டோடு டேர்ம் பாலிசிக்கு (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) போட்டால் பெரும்பாலும் "பிறகு வாருங்கள்" என்று தள்ளிப்போடுவார்கள், அல்லது லோடிங் (கூடுதல் பிரீமியம்) ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் ஹீமோகுளோபின் குறைவு, எடை குறைவு, கல்லீரல் என்சைம் கூடுதல் என எல்லாமே ரத்தப் பரிசோதனையில் தெரியும். தள்ளிப்போட்டதோடு அது முடிவதும் இல்லை. "வேறு நிறுவனம் நிராகரித்ததா, தள்ளிப்போட்டதா, கூடுதல் பிரீமியம் கேட்டதா?" என்ற கேள்வி அடுத்த ஃபார்மிலும் வரும்.

ஒரு வருஷம் குளூட்டன் இல்லாத பத்தியம் இருந்து, டிடிஜி ஐஜிஏ (சீலியாக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு இறங்கியபின் போவது நல்லது. சிலருக்கு இது இறங்க இரண்டு வருஷம்கூட ஆகும். பரோட்டா, ரவை, மால்ட் பானம் எல்லாம் விட்டும் இறங்காதவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம். தினமும் சாம்பாரில் அதுதான் போகிறது.

கையோடு கொடுக்க வேண்டியவை: எண்டோஸ்கோபி, பயாப்ஸி ரிப்போர்ட், தேதிவாரியாக டிடிஜி அளவுகள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேன். இவற்றைவிட முக்கியம் இரைப்பை-குடல் மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம். நோய் கண்டறிந்த தேதி, பத்தியம் ஒழுங்காக நடக்கிறது, எடை கூடியிருக்கிறது, சிக்கல் எதுவும் இல்லை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்துக்கு ஆபீஸில் ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் குரூப் டேர்ம் கைகொடுக்கும். குறிப்பிட்ட தொகை வரை மருத்துவக் கேள்வியே இருக்காது. ஆனால் வேலையை விட்டால் கவரும் போய்விடும். அதையே முழுமையாக நம்பக் கூடாது. மணி-பேக், எண்டோமென்ட் என்ற சேமிப்பு கலந்த பாலிசிகள் பக்கம் ஏஜென்ட் தள்ளினால் நகர்ந்துவிடுங்கள். அதே பணத்துக்குக் கிடைக்கும் கவர் மிகக் குறைவு.

மறைத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரீமியம் 12,000 ரூபாய், லோடிங் 25% என்று வைத்தால் வருஷத்துக்கு 3,000 ரூபாய் கூடுதல். 30 வருஷத்துக்கு 90,000. அதை மிச்சம் பிடிக்க ஒரு கோடி ரூபாய் கவரைப் பணயம் வைப்பதா? இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவின்படி 3 வருஷம் கடந்துவிட்டால் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த 3 வருஷத்துக்குள் இறந்தால் நாமினி கையில் க்ளெய்ம் மறுப்புக் கடிதம்தான் மிஞ்சலாம். காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. 18% சேர்த்துக் காட்டும் பழைய கணக்குகளை நம்ப வேண்டாம்.

டிராவல் பாலிசி: கதையே வேறு

ஆயுள் காப்பீட்டில் உள்ள 3 வருஷப் பாதுகாப்பு இங்கே உதவாது. ஒவ்வொரு பயணமும் புது ஒப்பந்தம். ஏற்கெனவே உள்ள நோய் என்ற விலக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக விழும்.

மலிவான சாதாரண பாலிசி ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கான 30,000 யூரோ நிபந்தனையை நிறைவேற்றிவிடும். விசா கிடைத்ததால் சீலியாக்குக்கும் கவர் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். கால் முறிந்தால் பணம் வரும். ஹோட்டலில் குளூட்டன் கலந்து வாந்தி, நீரிழப்பு என்று படுத்தால் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கவர் தரும் பாலிசி விலை கூடுதல், ஆனால் சீலியாக் உள்ளவருக்கு இதுதான் வழி. வாங்கும்முன் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: அந்த நோய்க்கான உச்சவரம்பு எத்தனை டாலர், "உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்" என்ற நிபந்தனை உண்டா. அந்த நிபந்தனை இருந்தால் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஒன்றும் கிடைக்காது. கூடுதல் பணம் கட்டியது வீண். கிரெடிட் கார்டோடு வரும் இலவச கவரை உபரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளூட்டன் இல்லாத உணவுக்கான கூடுதல் செலவை எந்த வகைப் பாலிசியும் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விமானத்தில் ஜிஎஃப்எம்எல் (குளூட்டன் இல்லாத) உணவை முன்கூட்டியே பதிந்தாலும் கைப்பையில் அவலும் கடலை மிட்டாயும் இருக்கட்டும்.

வெளிநாட்டு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது காரணம் என்ற வரியைப் படியுங்கள். கெட்டுப்போன உணவால் வந்த தொற்றாக இருந்தும், பழைய வரலாற்றைப் பார்த்து "சீலியாக்" என்று மருத்துவர் எழுதிவிடலாம். மலப் பரிசோதனை முடிவைக் காட்டி, கிளம்பும் முன்பே அங்கேயே திருத்தி வாங்குங்கள். ஊர் திரும்பியபின் க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.