லெட்ஸ் என்கிரிப்ட்: இலவசச் சான்றிதழை நம்பி எட்டு ஆண்டுகள்

சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துத் தந்து பராமரிப்பது என் தொழில். ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர், ஒரு பல் மருத்துவமனை, இரண்டு பள்ளிகள் என என் பொறுப்பில் இருக்கும் முப்பத்திரண்டு தளங்களும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்கும் பாதுகாப்புச் சான்றிதழைக் கொண்டே இயங்குகின்றன. எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு இந்தச் சேவையை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அதை நிறுவிவிட்டு மறந்துவிடலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன்.

தள முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ் வருவதற்கும், வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை வழியில் எவரும் படிக்க முடியாமல் காப்பதற்கும் சர்வரில் ஒரு சான்றிதழ் இருந்தாக வேண்டும். முன்பு அதை விலை கொடுத்து வாங்கினோம். பணத்தைவிட அலைச்சல்தான் பெரிது: விண்ணப்பக் கோப்பை உருவாக்கி, டொமைன், அதாவது தளப் பெயர், யாருடையதோ அவரின் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தும்படி அவரிடம் கெஞ்சி, கிடைத்த கோப்புகளைச் சரியான வரிசையில் இணைத்து முடித்தால், காலம் முடிந்ததும் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற லாப நோக்கமற்ற அமெரிக்க அமைப்பு 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் சேவையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் வெளியான குரோம் பிரவுசரின் 68ஆம் பதிப்பு, எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்டத் தொடங்கியபோது, என் வாடிக்கையாளர் எவரிடமும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கேட்கும் நிலை எனக்கு வரவில்லை.

சர்வரில் செர்ட்பாட் என்ற நிரலை நிறுவினால், அது ஒரு சிறு கோப்பைத் தளத்தின் குறிப்பிட்ட இடத்தில் வைக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிலிருந்து 80ஆம் போர்ட் (எச்டிடிபிஎஸ் அல்லாத சாதாரண இணைப்புக்கான நுழைவாயில்) வழியாக வந்து அந்தக் கோப்பைப் படித்து, டொமைன் நம் கையில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு சான்றிதழ் தரும். தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டதே என்று சர்வரின் காவல் அரணான ஃபயர்வாலில் 80ஐ மூடிவிடுகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி மூடினால் அடுத்த புதுப்பித்தல் நடக்காது. அதைத் திறந்தே வைத்து, வருகிறவர்களை எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிடுங்கள். எல்லாத் துணை டொமைன்களுக்கும் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழ் வேண்டுமென்றால் தளப் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் முகவரிப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவைச் சேர்க்கும் வழி மட்டுமே உண்டு. அதை ஒவ்வொரு முறையும் கையால் செய்வதாக முடிவெடுத்தால் என்றாவது ஒரு நாள் மறந்துபோகும். நிரலே பதிவை மாற்றிக்கொள்ள ஏபிஐ என்ற வசதி தரும் டிஎன்எஸ் சேவைக்கு முதலிலேயே மாறிக்கொள்வது நல்லது.

சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட் நாள்தோறும் சரிபார்த்து, ஏறக்குறைய 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதியதை வாங்கி வைத்துவிடும். இந்த ஏற்பாட்டை நான் முழுதாக நம்பியிருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, காலை ஆறரை மணிக்கு ஜவுளி வியாபாரி அழைத்தார். "தம்பி, சைட்டைத் திறந்தா ஏதோ ஆபத்துன்னு வருது. பார்ட்டிங்க ஆர்டர் போடவே பயப்படுறாங்க" என்றார். சர்வருக்குள் சென்று பார்த்தால், ஒரு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கப்பட்ட சான்றிதழ் இன்னும் 60 நாள் ஆயுளுடன் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் தளத்தின் பக்கங்களை அனுப்பும் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ், தான் தொடங்கிய நாளில் நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய சான்றிதழையே வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தது. அது அன்று அதிகாலையில் காலாவதியாகியிருந்தது. கோப்புகளை மறுபடி ஏற்றச் சொல்லும் ரீலோட் கட்டளை கொடுத்த மறுகணமே தளம் சரியாகிவிட்டது. தவறு என்னுடையதுதான். சான்றிதழை மட்டும் வாங்கித் தரும் முறையைத் தேர்ந்தெடுத்த நான், புதுப்பித்தவுடன் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யச் சொல்லும் டிப்ளாய் ஹூக்கை எழுதாமல் விட்டிருந்தேன். ஒரே ஒரு வரி அது. செர்ட்பாட் பயன்படுத்துகிறவர்கள் இதைப் படித்ததும் தங்கள் சர்வரில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அமைப்பைச் சோதிக்கும்போது உண்மையான சேவையைத் தொடாமல், லெட்ஸ் என்கிரிப்ட் சோதனைக்கென்றே தந்திருக்கும் ஸ்டேஜிங் சூழலைப் பயன்படுத்துங்கள். ஒரே டொமைன் பெயர்த் தொகுப்புக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான் கிடைக்கும். அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சான்றிதழ் டொமைன் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கடை நேர்மையானதா என்பதற்கு அது சாட்சி அல்ல, நிறுவனத்தின் பெயரும் அதில் இராது. நிறுவனப் பெயர் இடம்பெற வேண்டும் என்று விதி உள்ளவர்கள் விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் இன்றும் சான்றிதழுக்கென்று ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன, பில்லைப் பாருங்கள். சேவை நன்கொடையில் நடக்கிறது என்பதால், முன்பு ஒரு சான்றிதழுக்குக் கொடுத்த தொகையை ஆண்டுதோறும் அவர்களுக்கு அனுப்பிவருகிறேன்.

காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தை 2025 ஜூனில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஆனால் அந்த மின்னஞ்சல் இருந்திருந்தாலும் என் ஜவுளி வியாபாரியைக் காப்பாற்றியிருக்காது; அவர்கள் கணக்கில் அந்தச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டுவிட்டதே. அதனால் இப்போது வேறொரு சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் தினமும் முப்பத்திரண்டு தளங்களையும் தொட்டு, பார்வையாளருக்கு உண்மையில் போய்ச் சேரும் சான்றிதழின் தேதியைப் படிக்கிறது. 20 நாளுக்குக் கீழே இறங்கினால் என் போனுக்குச் செய்தி வரும். 2029 மார்ச் 15 முதல் எந்த நிறுவனமும் 47 நாளுக்கு மேல் ஆயுளுள்ள சான்றிதழை வழங்கக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. ஆயுள் குறைந்தால் புதுப்பிக்கும் நாளும் காலாவதியை நெருங்கிவிடும் என்பதால், அதற்குள் அந்த 20ஐ நான் 10ஆகக் குறைத்தாக வேண்டும்.