மூளைக் கட்டி எடுத்த பிறகு கதிர்: தலை முழுவதுக்குமா, குழிக்கு மட்டுமா?

மார்பிலோ நுரையீரலிலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவி, அந்தக் கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. "முழுக்க எடுத்தாச்சு" என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வரும். அடுத்த கிளினிக்கில் கதிர்ச் சிகிச்சை என்று எழுதித் தரும்போதுதான் "இனி அது ஏன்?" என்ற கேள்வி.

ஒன்றும் செய்யாமல் ஸ்கானில் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வழிதான். ஆனால் நான் அதன் பக்கம் இல்லை. அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், கதிர் பெறாதவர்களில் ஒரு வருடத்தின் பின் அதே இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 43 சதவீதம்தான். கட்டி இருந்த குழிக்கு மட்டும் குவிகதிர், அதாவது குறி வைத்த இடத்தில் மட்டும் குவித்துக் கொடுக்கும் கதிர், பெற்றவர்களில் அது 72. கண்ணுக்குத் தெரியாத கலங்கள் குழியின் ஓரத்தில் மிஞ்சிவிடுகின்றன என்பதுதான் காரணம்.

ஆக, உண்மையான போட்டி மூளை முழுவதுக்கும் கதிர், குழிக்கு மட்டும் குவிகதிர் என்ற இரண்டுக்கும்தான். மூளை முழுவதுக்கும் கொடுப்பது வழக்கமாக 10 தடவையில் 30 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). சனி ஞாயிறு விட்டால் இரண்டு கிழமை. குவிகதிர் என்றால் ஒரே நாள். குழி பெரிதென்றால் 3 அல்லது 5 நாள். அதற்கு முன் திட்டமிட எம்.ஆர்.ஐ., பிறகு மாஸ்க். வலை போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி, ஈரச்சூட்டோடு முகத்தில் போட்டு அழுத்துவார்கள். சில நிமிடத்தில் அச்சு இறுகிவிடும். கதிர் பிடிக்கும்போது அதை மேசையோடு பூட்டுவார்கள். வலி இல்லை, அடைபட்ட இடத்துக்குப் பயப்படுகிறவர்கள் முதலே சொல்லிவிடுங்கள்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வும் 2017இல்தான் வந்தது. ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை: நடு அளவில் (பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள்) குவிகதிருக்கு 12.2 மாதம், முழு மூளைக்கு 11.6. வித்தியாசம் புத்தியில். ஆறு மாதத்தில் நினைவு, யோசனைத் திறன் குறைந்தவர்கள் குவிகதிரில் 52 சதவீதம், முழு மூளையில் 85. சோதனைத் தாளில் இது எண். வீட்டிலோ, புட்டுக்கு மா குழைத்துவிட்டு உப்புப் போட்டேனா என்று அம்மா மூன்றாம் தரம் கேட்பது.

அதற்காக முழு மூளைச் சிகிச்சையை ஒதுக்கிவிட முடியாது. அதே ஆய்வில் ஒரு வருடத்தில் குழியில் நோய் கட்டுப்பட்டிருந்தது முழு மூளையில் 81, குவிகதிரில் 61 சதவீதம். தலையின் வேறு இடங்களில் புதிதாக முளைப்பதையும் அதுதான் கூடத் தடுக்கும். நிறையக் கட்டிகள், மூளை உறையில் பரவல், சிறுகல வகை நுரையீரல் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போவார்கள். குவிகதிருக்கும் தன் வில்லங்கம் உண்டு: மாதங்கள் கழித்துக் கதிர் பட்ட திசு செத்து வீங்கலாம். ஸ்கானில் அது நோய் திரும்பியது போலவே தெரிந்து ஆளைக் கலக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து யோசித்தால் இன்னொரு கணக்கு. குவிகதிர் எங்கே கிடைக்கும், பக்கத்துத் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியா, கொழும்புக்குப் பக்கத்து மகரகமவா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். கொழும்புப் பக்கம் போகவேண்டும் என்றால், சத்திரசிகிச்சை முடிந்த ஆளை 400 கிலோமீற்றர் பஸ்ஸிலோ ரெயினிலோ இருத்திக் கொண்டுபோக வேண்டும். ஆனாலும் இரண்டு கிழமை தங்குவதை விட சில நாள் தங்குவது லேசு. பெரிய செலவு பிறகுதான்: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. கட்டாயம். புதிதாக ஒன்று வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடித்து, அதற்கும் குவிகதிர் கொடுக்கலாம். முழு மூளைக் கதிரைக் கையில் மிச்சம் வைத்திருப்பதன் லாபமே அதுதான். ஸ்கானைத் தவறவிடுகிற வீட்டுக்கு அந்த லாபம் கிடைக்காது.

ஒன்றிரண்டு கட்டி, ஆள் நடமாட்டத்தோடு, கூட்டிப்போக ஒரு பிள்ளையும் இருந்தால், நான் குவிகதிர் பக்கம். காயம் ஆறியதும், முடிந்தால் ஒரு மாதத்துக்குள். அடுத்த கிளினிக்கிலேயே திகதியைக் கேட்டு வாங்குங்கள். தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.