கிறிஸ்துமஸ் காசில் வாங்கிய கட்டைகள்: சில வருஷம் கழித்து

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது நாங்கள். காசு கொடுப்பது ஆச்சி, மாமா, அத்தைமார். அந்தக் காசில் என்ன வாங்குவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். மகனும் மகளும் சில வருஷமாக முக்கால்வாசியைக் கட்டிட விளையாட்டுப் பெட்டிகளில்தான் போட்டிருக்கிறார்கள். அவற்றில் எது நிலைத்தது, எது பரணுக்குப் போனது என்று இப்போது சொல்லலாம்.

நிலைத்தது, இருவரும் காசைச் சேர்த்துப் போட்டு வாங்கிய லெகோ கிளாசிக் பெரிய பெட்டி, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். 10698 என்ற எண், 790 துண்டுகள். இன்னதைத்தான் கட்ட வேண்டும் என்று அதில் கிடையாது. படம் போட்ட ரேஸ் கார் பெட்டிதான் மகனுக்கு முதலில் பிடித்திருந்தது. அதை ஒரே சாயங்காலத்தில் கட்டி முடித்தான். கொஞ்ச நாள் ஷோகேஸில் இருந்த கார், அப்புறம் சக்கரம் சக்கரமாகக் கழன்று பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. அதில் நஷ்டமில்லை. 1958-இல் காப்புரிமைக்குப் பதிவான அதே இணைப்பு முறைதான் இன்றும், எந்தப் பெட்டித் துண்டும் எதனோடும் சேரும்.

பிள்ளைகள் இதில் கற்றுக்கொண்டதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மகள் கட்டிய வீட்டுச் சுவரைத் தூக்கினால் நடுவில் பிளந்துகொண்டே இருந்தது. கட்டைகளை நேருக்கு நேர் அடுக்கியிருந்தாள். பக்கத்து வீட்டில் காம்பவுண்ட் சுவர் எழும்பியபோது கொத்தனார் ஒவ்வொரு வரிசையையும் பாதிச் செங்கல் தள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து மாற்றிக் கட்டினாள், நின்றது. மகனுக்குக் கூரை ஒரு பக்கம் ஏறி நின்றது. தட்டையான துண்டு மூன்று சேர்ந்தால் ஒரு கட்டை உயரம் என்று கண்டுபிடித்த பிறகுதான் சரியானது. தட்டை 3.2 மில்லிமீட்டர், கட்டை 9.6, மேல் குமிழைச் சேர்க்காமல்.

மலிவான வேறு கம்பெனிப் பெட்டியும் ஒரு வருஷம் வந்தது, பெயர் வேண்டாம். பழைய காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் அதே அளவில் யாரும் செய்யலாம். கெட்டிக்காரக் கம்பெனிகளும் உண்டு, எங்களுக்கு வாய்த்தது அப்படியில்லை. முதலில் பல்லால் கடித்துப் பிரிக்கும் அளவுக்கு இறுக்கம், சில மாதத்தில் தொட்டால் விழும் தளர்வு. இரண்டும் கலந்துபோய், இப்போது குமிழில் லெகோ பெயர் பொறித்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பெட்டியானாலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

மெக்கானிக்ஸ் பெட்டி மகனுடைய தனிக் காசு. ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, நட்டு, போல்ட், குட்டி ஸ்பேனர். 1901-இல் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி ஆரம்பித்து வைத்த மெக்கானோ வழி வந்த வகை. எட்டு வயதுக்குக் கீழே விரல் வளையாது, பிள்ளை அழும், நாம்தான் முடுக்குவோம். நட்டுகளில் பாதி சோபாவுக்கு அடியில். ஆனால் கட்டைகளில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: ஒரு போல்ட் போட்டால் பட்டை ஆடும், இரண்டு போட்டால் அசையாது, சதுரம் சாயும்போது குறுக்கே ஒரு பட்டை கொடுத்தால் நிமிர்ந்துவிடும். பாலம் கட்டும்போது இதைக் கையாலேயே உணர்ந்தான். தினமும் எடுக்கும் சாமான் இல்லை, எடுத்தால் மணிக்கணக்கில் உட்காருவான்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து அதன் மேல் கொட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் வேலை தீர்ந்தது. காலில் குத்தி நடுராத்திரியில் கத்தவும் வேண்டாம். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும், 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் வெள்ளைக் கட்டைகள் நாளடைவில் மஞ்சளாகும்.

தீராத தகராறு, சேர்ந்து வாங்கிய பெட்டி யாருடையது என்பதுதான். 'அத்தை தந்த காசு என்னுடையதுதானே அதிகம்' என்று மகள் இன்னும் கணக்குச் சொல்கிறாள். சேர்த்து வாங்கும் முன்னால் அதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் சின்னக் கட்டையே வேண்டாம். அளவில் இரண்டு மடங்கான, லெகோவின் டூப்ளோ கட்டைகள் வாங்குங்கள், பிறகு சின்னக் கட்டைகள் வாங்கும்போது அவையும் அதன் மேல் பொருந்தும்.