கொடைக்கானல்ல குதிரை ரைடுன்னு 12,600 ரூபா போச்சு, பசங்களோட போறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னைக்கு காலைலதான் ரைடு புக் பண்ண ஆப்காரங்க கிட்ட இருந்து கடைசி பதில் வந்துச்சு. அந்தக் கோவத்துலயே உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. போன சனிக்கிழமை நடந்தது இது. போனது 12,600 ரூபா. லீவுக்கு மலைக்குப் போறவங்க முழுசா படிங்க, கடைசில என்னென்ன பாத்து புக் பண்ணணும்னும் சொல்றேன்.

எங்க பாப்பாவுக்கு ஏழு வயசு. ரெண்டு வருஷமா குதிரை குதிரைன்னு ஒரே நச்சரிப்பு. இந்த லீவுக்கு கரூர்ல இருந்து கொடைக்கானல் போலாம்னு முடிவு பண்ணதுமே, வெறும் லேக்க சுத்தி நூறு அடி நடத்திக் கூட்டிட்டு வர்றது வேணாம், ஒரு தடவையாச்சும் ஒழுங்கா ஏத்திக் காட்டிரணும்னு நான்தான் ஆசப்பட்டேன். டூர் போற இடத்துல என்னென்ன பண்ணலாம்னு காட்டி புக்கிங் எடுப்பாங்களே, அந்த மாதிரி ஒரு ஆப். பேர் போடல, புகார் குடுத்திருக்கோம். அதுல ‘ஃபேமிலி ஹார்ஸ் டிரெயில், பைன் காட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு குதிரை, ஹெல்மெட், கூடவே பயிற்சியாளர்’னு போட்டிருந்துச்சு. ஆளுக்கு 3,150. நான், வீட்டுக்காரர், பையன், பாப்பா நாலு பேருக்கு 12,600. அத்தைக்கு முட்டிவலி, அவங்க ஏறல. பாதி ஆப்லயே கட்டினேன், 6,300.

அன்னைக்கு சாயங்காலமே ஒருத்தர் போன் பண்ணார். “அக்கா, ஈபாஸ் எடுத்துட்டீங்களா, 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் ஆர்டர், இல்லாம வந்தா செக்போஸ்ட்ல நிக்கணும்”னு அவரே ஞாபகப்படுத்தி லிங்க்கும் அனுப்பினார். நெஜ கவர்மெண்ட் லிங்க்தான், காசும் இல்ல. இவ்ளோ பொறுப்பா சொல்றவரு ஏமாத்துவாரான்னுதான் எனக்குத் தோணுச்சு. காட்டுக்குள்ள போக வனத்துறை பெர்மிஷன் வேணுமேன்னு கேட்டேன், “அது எங்க பொறுப்புக்கா”ன்னார். அப்புறம் பாப்பா போனப் பிடுங்கி “அங்கிள், என் குதிரை பேரு என்ன?”ன்னு கேட்டுச்சு. கொஞ்சங்கூட யோசிக்காம, “ராணி. பிரவுன் கலர், நெத்தில வெள்ளைப் பொட்டு இருக்கும், உனக்குன்னே நிறுத்தி வெக்கிறேன் தங்கம்”னார். அந்த ஒரு வார்த்தைல நான் விழுந்துட்டேன். பாப்பா அன்னைக்கே ராணிய வரைஞ்சு கலர் அடிச்சு ஃப்ரிட்ஜுல ஒட்டிருச்சு. மறுநாள் அதே ஆளு “சீசன் ரஷ்ஷா இருக்கு அக்கா, மீதியையும் இந்த நம்பருக்கு நேரா போட்டுட்டா ஸ்லாட் லாக் பண்ணிருவேன்”னதும் ஜிபேல இன்னொரு 6,300 போட்டேன். வீட்டுக்காரர் அங்க போய் குடுத்துக்கலாம்னு சொன்னார், நான்தான் கேக்கல.

சனிக்கிழமை காலைல எட்டரைக்கு வரச்சொல்லி லொக்கேஷன் அனுப்பியிருந்தான். பைன் காடு இல்ல, லேக் ரோடு. கேட்டா “அங்க இருந்து கூட்டிட்டுப் போவாங்க”ன்னான். போய் நின்னா ஒரு ஈ காக்கா இல்ல. போன் போட்டா “அந்தப் பக்கம் இல்லக்கா, அடுத்த பக்கம்”. கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் மாதிரி கை விரிச்சுக் கெடக்கும், ஒரு வளைவுல நிக்கிறவங்களுக்கு அடுத்த வளைவு தெரியாது, சுத்துனா அஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும். அத்தைய ஒரு டீக்கடைல உக்கார வெச்சுட்டு பசங்களோட முக்கால் மணி நேரம் நடந்தோம்.

கடைசில ஒரு குதிரைக்கார அண்ணனும் பதினஞ்சு பதினாறு வயசுப் பையன் ஒருத்தனும் நின்னாங்க. நாலு பேருக்கு மூணு குதிரை. ஹெல்மெட் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் தாடைக்குக் கீழ மாட்டுற கிளிப் ஒடஞ்சு சணல் கயிறு கட்டியிருந்துச்சு. ராணின்னு எந்தக் குதிரையும் இல்ல. பாப்பா ஒவ்வொரு குதிரையா நெத்தியப் பாத்துட்டு வந்துச்சு, எனக்கு அப்பவே வயிறு எரிஞ்சிருச்சு.

பாப்பாவ ஏத்துன குதிரைக்கு வயித்த சுத்தி வர்ற வார் உரசி உரசி உள்ளங்கை அளவுக்கு முடி போய் செவந்திருந்துச்சு. மேல மஞ்சத்தூள் அப்பி வெச்சிருந்தாங்க, அதுக்கு மேலயும் ஈ மொய்ச்சுது. புண்ணுல படக்கூடாதுன்னு வார லூசா கட்டியிருக்காங்க. இது எனக்கு அப்ப தெரியல, கீழ விழுந்ததுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஏன்னா சேணம் நிக்கிறதே அந்த வாராலதான், அது லூசா இருந்தா எப்ப வேணா பக்கவாட்டுல சுத்திரும். கிளம்பி பத்து நிமிஷம் கூட ஆகல, சீசன் டிராஃபிக்ல ஒரு பைக்காரன் பின்னாடி வந்து ஹாரன் அடிச்சான், குதிரை ஒதுங்குச்சு, சேணம் அப்படியே சரிஞ்சு பாப்பா ஒரு பக்கமா தொங்கிருச்சு. அந்தப் பையன் பாஞ்சு கையப் பிடிச்சதால தலை அடிபடல. முட்டியும் முழங்கையும் தார் ரோட்டுல தேய்ஞ்சு ரத்தம். கடவுள் புண்ணியம், அதோட போச்சு.

எங்க வீட்டுக்காரர் கத்துனார். அந்த அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, “சார், காலைலதான் போன் பண்ணி பார்ட்டி வருது, லேக் ரோட்டுல ஒரு ரவுண்டு விட்டுருன்னாங்க, எனக்கு 800 ரூபா போட்டாங்க, காடு கீடெல்லாம் எனக்குத் தெரியாது”ன்னார். மெசேஜையும் காட்டினார். நாங்க கட்டினது 12,600, குதிரைக்காரர் கைக்குப் போனது 800! அவர் மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு, புண்ணோட இருக்கற குதிரை மேல கொழந்தைய ஏத்தலாமா. ஆனா நடுவுல உக்காந்து 11,800 முழுங்குனவன் மொகத்தக் கூட நாங்க பாக்கல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. சனிக்கிழமை மதியம் அவனுக்கு மெசேஜ் போட்டேன், பாப்பா முட்டி போட்டோவும் அனுப்பினேன். “அச்சச்சோ அக்கா, டீம் கிட்ட பேசிட்டு சொல்றேன்”. ஞாயித்துக்கிழமை “மழை வர்ற மாதிரி இருந்ததால ரூட் மாத்திட்டாங்க அக்கா”. அன்னைக்கு சுள்ளுனு வெயில், போட்டோவே இருக்கு. திங்கக்கிழமை திடீர்னு ரொம்ப நல்லவனா ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 6,300 ரிட்டர்ன் வந்துரும்”னான். நான் பதட்டத்துல ஸ்கேன் பண்ணவே போயிட்டேன். வீட்டுக்காரர்தான் போனப் பிடுங்கி, “பணம் வர்றதுக்கு எதுக்கு பின், போட்டா நம்ம அக்கவுண்ட்ல இருந்துதான் போகும்”னார். அதோட அவன் எங்க நம்பர பிளாக் பண்ணிட்டான்.

ஆப்காரங்க கிட்ட சாட்ல போனா “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்”னு அதே வரி நாலு தடவ. மொத நாள் ஒரு பொண்ணு, மறுநாள் வேற ஒருத்தர், ஒவ்வொருத்தர் கிட்டயும் மொதல்ல இருந்து கதைய சொல்லணும். போன் நம்பரே கெடையாது. இன்னைக்கு காலைல கடைசி பதில்: ஆப்ல கட்டின 6,300 ரைடு ‘நடந்துட்டதால’ திரும்ப வராது, வெளிய கட்டின 6,300க்கு அவங்க பொறுப்பில்ல, எங்க மனக்கஷ்டத்துக்காக அடுத்த புக்கிங்ல 500 ரூபா கூப்பனாம். கொழந்த கீழ விழுந்ததுக்கு கூப்பன்! 12,600 ரூபா எங்க வீட்டுல ரெண்டு மாச மளிகை செலவு.

1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல பதிஞ்சாச்சு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் புகார் குடுத்தாச்சு. காசு வருமான்னு தெரியல, விடப் போறதில்ல.

நிறைய சொல்லணும்னு நெனச்சேன், பாப்பா வேற எழுந்திருச்சு. அவசரத்துக்கு இது மட்டும்: ஆப்ல புக் பண்ணா ஆப்லயே கட்டுங்க, தனி நம்பருக்கு நேரா போடாதீங்க. குதிரைய கண்ணால பாக்காம காசே குடுக்காதீங்க. ஏறறதுக்கு முன்னாடி வயித்து வார் பக்கம் குனிஞ்சு பாருங்க, புண்ணு இருந்தா ஏத்தாதீங்க, சேணத்த கையால ஆட்டிப் பாருங்க. வீட்டுல சைக்கிள் ஹெல்மெட் இருந்தா அதையே எடுத்துட்டுப் போங்க. க்யூஆர் அனுப்பி ரீஃபண்டுன்னா தொடவே தொடாதீங்க.

முட்டிக்கு மருந்து வெக்கணும், போறேன். இதே மாதிரி ராணின்னு சொல்லி வேற யாருக்காச்சும் போன் வந்திருந்தா உடனே சொல்லுங்க, சேர்ந்து புகார் குடுக்கலாம்.