மாடியில் மூலிகை: செம்மண் பையா, மண்ணில்லாக் குழாயா? முடிவு உங்கள் தண்ணீரிடம் இருக்கிறது

எங்கள் வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில் துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை, நிலவேம்பு எல்லாமே செம்மண் கலவை நிரப்பிய பைகளில்தான் நிற்கின்றன. ஹைட்ரோபோனிக்ஸ் என்கிற, சத்துக் கரைத்த தண்ணீரிலேயே செடி வளர்க்கும் மண்ணில்லா முறையையும் பிவிசி குழாய், மோட்டார், தொட்டி என்று முழு அமைப்போடு கோடையும் மழையுமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைகளே போதும் என்று முடிவு செய்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் மருந்துச் செடி வளர்க்க செம்மண் பைதான். அதற்கான காரணத்தில் பெரும்பங்கு தண்ணீருக்கு.

எல்லாரும் சொல்கிற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பை மலிவு, குழாய் அமைப்புக்குச் செலவு கூடுதல். குழாயில் களை வராது, மண்புழு உரம் தேட வேண்டாம், கீரை வேகமாக வரும். சுட்ட மண் தொட்டி அழகு, வேருக்குக் குளிர்ச்சி. ஆனால் சித்திரை வெயிலில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும், தூக்கி இடம் மாற்றவும் முடியாது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளையில் (கிட்) பையும் கோகோ பீட் எனும் தென்னை நார்க் கழிவுக் கட்டியும் சேர்ந்தே வருவதால் பலருக்குத் தொடக்கம் அங்கேதான். நல்ல தொடக்கமும்கூட.

மண்ணில்லா முறை மேல் இத்தனை பேருக்கு ஆசை வரக் காரணம் வீடியோக்கள். மருந்துச் செடியை வீட்டில் வளர்ப்பது பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பாதி, வெளிநாட்டுக்காரர்கள் கஞ்சா வளர்க்கும் வீடியோக்கள். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் மூன்று செடி வைக்கலாம். இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு செடி வைத்தாலும் குற்றம். 'என் வலிக்கு மருந்தாகத்தான்' என்பது வீட்டில் வளர்க்க அனுமதி ஆகாது. அந்தச் செடியை விட்டுவிட்டு அவர்களுடைய வளர்ப்பு நுட்பத்தை மட்டும் நம் துளசிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த நுட்பம் மூடிய அறை, கூடாரம், எல்இடி விளக்கு, குளிர்ந்த காற்று, உப்பில்லாத குழாய்த் தண்ணீர் ஆகியவற்றை நம்பிப் பிறந்தது. இவற்றில் எதுவும் நம் மாடியில் கிடையாது. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது.

தண்ணீருக்கு வருவோம். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேனா மாதிரி இருக்கும், தம்ளரில் முக்கினால் எண் காட்டும். பையோ குழாயோ வாங்கும் முன் இதை வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்கிறது. எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் மழை முடிந்த தை மாதத்தில் 700 காட்டும், மே மாதக் கடைசியில் அதுவே 1400. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இன்னும் மோசமாக இருக்கும். உப்புநீர் நிலத்தடிக்குள் ஏறி எத்தனையோ வருஷமாகிறது.

மண்ணில்லாத் தொட்டியில் இந்த உப்பு என்ன செய்கிறது? கணக்குக்கு எளிதாக டிடிஎஸ் 1000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு லிட்டரில் 1 கிராம் உப்பு. 50 லிட்டர் தொட்டியில் தொடங்கும்போதே 50 கிராம் இருக்கிறது. மே மாதத்தில் செடி உறிஞ்சியும் ஆவியாகியும் நாளுக்கு 5 லிட்டர் குறைந்தால் அதே தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம். பத்து நாளில் இன்னொரு 50 கிராம் உள்ளே போயிருக்கும். கால்சியம், மக்னீசியம் போன்றவற்றில் செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சோடியத்தையும் குளோரைடையும் அவ்வளவாகத் தொடாது. தண்ணீர் போகிறது, உப்பு தங்குகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீரை, மூலிகை வகைகளுக்குச் சத்துக் கரைசலின் மொத்த டிடிஎஸ் அளவே 600 முதல் 1000 வரைதான் இருக்க வேண்டும். தண்ணீரே 1000 என்றால் சத்துக்கு எங்கே இடம்? மேலே ஊற்றினால் இலை ஓரம் கருகும், ஊற்றாவிட்டால் செடி வெளுக்கும். கற்பூரவல்லி இதை முதலில் காட்டிக்கொடுக்கும்: அந்தத் தடித்த இலையின் பல் பல்லான விளிம்பு மட்டும் காகிதம் போலப் பழுப்பாகி, விரலில் நொறுங்கும்.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமே என்பார்கள். ஊற்றலாம்; நானும் அப்படித்தான் ஓட்டினேன். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். நாளுக்கு 5 லிட்டர் தேவை என்றால் 10, 15 லிட்டர் சாக்கடைக்கு. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. நான்கு கொத்துக் கீரைக்காக அப்படிச் செய்ய எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கழிவு நீரைப் பைச் செடிக்கு ஊற்றினால் போச்சு என்று சொல்கிறவர்கள் அதில் ஒருமுறை மீட்டரை முக்கிப் பார்க்க வேண்டும். போர் தண்ணீரைவிடக் கடும் உப்பு அது. வாசல் கழுவலாம், துளசிக்கு வேண்டாம்.

பையிலும் அதே தண்ணீர்தானே, உப்பு அங்கேயும் சேருமே என்று கேட்கலாம். சேரும். அதே 1000 டிடிஎஸ் தண்ணீர் 12 அங்குலப் பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் பொங்கலிலிருந்து ஆடி முடிவதற்குள் ஏறக்குறைய 200 கிராம் உப்பு அந்தச் சின்னப் பைக்குள் இறங்கியிருக்கும். வித்தியாசம் என்னவென்றால், பைக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, ஐப்பசியில் மழை இருக்கிறது. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை சராசரியாக 80 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. 12 அங்குல வாய் கொண்ட பையில் அது 50 லிட்டருக்கு மேல் வரும், உப்பே இல்லாத தண்ணீர். ஒன்பது மாதம் சேர்த்ததை மூன்று மாதத்தில் வானம் கழுவிவிடுகிறது. கட்டணம் இல்லை, மோட்டார் இல்லை. குழாய் அமைப்பில் இந்த வசதி கிடையாது.

இதற்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், பைக்கு இரண்டு ஸ்பூன் ஜிப்சம் தூவி மேல்மண்ணைக் கிளறிவிடுகிறேன். மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தில் உள்ள கால்சியம் தள்ளிவிடும், மழை அதை இழுத்துக்கொண்டு போகும். கோடையில் மழைக்குக் காத்திருக்க முடியாது. அப்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒரு சாயங்காலம் அடி ஓட்டை வழியாக நன்றாக வழியும் வரை ஊற்றுவது நல்லது. வழிகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து மீட்டரை முக்குங்கள். நான் ஊற்றுவது 1400. முதலில் வழிவது 4000-க்குப் பக்கத்தில் காட்டும், நிறமும் டீ டிகாஷன் மாதிரி. ஊற்ற ஊற்ற இறங்கும். 2000-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுவேன்.

பைக்குள் என்ன நிரப்புகிறோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். முழுக்க கோகோ பீட் நிரப்பினால் மாடிக்குப் பாரம் குறைவு, 5 கிலோ கட்டி ஊறி 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். ஆனால் தென்னை நார்க் கழிவே உப்போடு வருகிற பொருள், இரண்டு மூன்று முறை அலசாமல் பயன்படுத்தக் கூடாது. அதோடு, ஒருநாள் தவறவிட்டுக் காய்ந்தால் சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகிவிடும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கி ஓடிவிடும், உப்பு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். மே மாதத்தில் அப்படிப்பட்ட பையின் மேல்பரப்பை நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு வரும். என் கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு அலசிய கோகோ பீட், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நனைந்தால் பை ஒன்று 25 கிலோ அளவுக்கு வரும். நாற்பது பை என்றால் ஒரு டன். அதனால் நடுத் தளத்தில் குவிக்காமல், கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே சுவரும் பீமும் இருக்கும் வரிசையில், செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வையுங்கள்.

சூடும் கரண்டும் மண்ணில்லா முறைக்கு அடுத்த இடி. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தொட்டி 30-ஐத் தாண்டிப் போகும். வேர் மூச்சுத் திணறி அழுகும். செடி நிற்கும் வலைக் குவளையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்து கையோடு வரும், சாக்கடை நாற்றம் அடிக்கும். தண்ணீரைப் படலமாக ஓடவிடும் குழாய் முறையில் மதியம் மோட்டார் நின்றால் ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறோம். புயல் நேரத்தில் பையை நகர்த்திச் சுவரோரம் சேர்த்துவிட்டால் போதும்.

மருந்துச் செடி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கீரைக்கு எடை முக்கியம், மூலிகைக்குக் காரமும் கசப்பும் முக்கியம். நிழலிலும் அதிகத் தழைச்சத்திலும் வளர்ந்த துளசி இலை பெரிதாக, மெத்தென்று இருக்கும். கசக்கினால் வாசனை மட்டு. வெயிலில், மண்ணில், கொஞ்சம் பட்டினியோடு நின்ற துளசி இலை சின்னது, ஆனால் விரலில் தேய்த்த வாசனை கை கழுவிய பிறகும் நிற்கும். இது என் மூக்கின் தீர்ப்பு, ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில்லை. நிலவேம்பை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பருவத்தில், பூக்கத் தொடங்கும்போது அறுத்துவிட வேண்டும். காய் முற்றினால் சத்து இறங்கிவிடும்.

மண்ணில்லா முறைக்கு நியாயமாகச் சேர வேண்டியதும் உண்டு. வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி மூன்றும் ஈரத்தில் கால் வைத்து நிற்கிறவை. குழாயில் இவை எனக்கு நன்றாகவே வந்தன, அதுவும் கார்த்திகை முதல் மாசி வரை. சந்தையில் வாங்கும் வல்லாரை எந்த வாய்க்கால் ஓரம் பறித்தது என்று தெரியாத ஊரில், சுத்தமான கொத்து வீட்டிலேயே கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் ஓட்டையில்லாத பழைய டப்பில் மண் போட்டு, இரண்டு விரல் தண்ணீர் நிறுத்தினாலும் வல்லாரை அதே அளவு படர்கிறது. கொசு வலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். டெங்கு சீசனில் மாநகராட்சி ஆட்கள் மாடி ஏறிப் பார்ப்பது அதைத்தான்.

குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டுமே வருகிற, டிடிஎஸ் வருஷம் முழுக்க 300, 400-ஐத் தாண்டாத வீடு என்றால் நான் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பகலெல்லாம் நிழலும் இன்வெர்ட்டரும் இருந்தால் அங்கே குழாய் அமைப்பு ஓடும் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் நான் வளர்த்ததில்லை என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அடுக்குமாடிப் பால்கனிதான் நிஜமாகவே சங்கடமான இடம். மழைதான் கழுவும் என்றேன். பால்கனியில் மழையே விழாது. பக்கத்துக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா இதையேதான் கேட்டார்.

"ஏம்ப்பா, எங்க வீட்டுத் தூதுவளை ரெண்டு வருஷம் நல்லா வந்துச்சு, இப்ப முள்ளு மட்டும்தான் மிச்சம். மண்ணையே மாத்திடவா?"

"மண்ணு மேல தப்பில்லக்கா. மழை பிடிக்கிறப்ப பையை லிஃப்ட்ல ஏத்தி மொட்டை மாடியில பத்து நாள் விட்டுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி கிளையை ஒரு சாண் விட்டு வெட்டிருங்க."

ஐப்பசியில் ஏற்றிவிட்டு தீபாவளி கழித்து இறக்கினார். கார்த்திகையில் துளிர்த்தது. இப்போது அவர் மாடியில் மழைக்குழாய் வாயில் ஒரு டிரம் வைத்துப் பிடித்த தண்ணீரைக் கோடைக்கு என்று மூடி வைத்திருக்கிறார். பங்குனி வரை அது போதுமா என்று இந்த வருஷம்தான் பார்க்க வேண்டும்.