அடிக்கல் எந்தக் கல்லில்: கறுப்பு கிரானைட்டா, மார்பிளா, பித்தளையா?

அடிக்கல் நாட்டு விழாவில் கல் ஒன்றல்ல, இரண்டு. பூமி பூஜை முடிந்ததும் நவதானியம், பஞ்சலோகம் சகிதம் ஈசானிய மூலைக் குழிக்குள் இறங்குவது ஒன்று. திரையை விலக்கியதும் கைதட்டல் வாங்கும் கல்வெட்டு இன்னொன்று. குழிக்குள் போகும் கல்லுக்குச் சடங்கு முறை தெரிந்தவர் போதும். காசு போட்டு யோசிக்க வேண்டியது இரண்டாவதைத்தான். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1793 செப்டம்பர் 18 அன்று ஜார்ஜ் வாஷிங்டனே வெள்ளித் தகட்டோடு அடிக்கல் வைத்தார். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடியும் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. மண்ணுக்குள் போனது போனதுதான். சுவரில் இருப்பதுதான் பேசும்.

வெள்ளை மார்பிளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கமிட்டிக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் யாராவது சொல்வார்கள். தாஜ்மஹாலும் கொல்கத்தா விக்டோரியா நினைவகமும் மக்ரானா மார்பிள்தானே என்பார்கள். சரிதான், ஆனால் அங்கெல்லாம் கல்வெட்டின் மேல் யாரும் மஞ்சள் தடவுவதில்லை. நம் ஊரில் திறந்த கையோடு சந்தனம், குங்குமம், பக்கத்திலேயே எலுமிச்சம்பழம். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் அரித்துப் பளபளப்பு போய்விடும், மஞ்சள் கறை உள்ளே இறங்கிவிடும். அதைப் போக்க யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவினால் கதை முடிந்தது. மழையும் வெயிலும் படாத உள்வரவேற்பறை என்றால் மட்டும் மார்பிள் வைக்கலாம். அப்போதும் கறுப்புப் பெயின்ட் அடைத்த எழுத்துதான் வேண்டும். வெள்ளையில் தங்க எழுத்து தூரத்திலிருந்து தெரியவே தெரியாது.

பித்தளைத் தகடு பார்க்க லட்சணம். அமிலத்தில் அரித்து எழுத்தெடுத்து, உள்ளே கறுப்பு நிரப்பினால் சின்ன எழுத்தும் துல்லியமாக வரும். ஆனால் மாதாமாதம் துடைக்க ஆள் வேண்டும், இரவில் கழற்றிக்கொண்டு போக ஆள் இருக்கக் கூடாது. எவர்சில்வர் தகட்டுக்குத் துடைக்கும் வேலை குறைவு. கடற்கரை ஊர் என்றால் 304 என்ற தரம் வேண்டாம், துருவை இன்னும் தாங்கும் 316 தரம் கேளுங்கள், இல்லையென்றால் உப்புக் காற்றில் பழுப்புப் புள்ளி விழும். என் கண்ணுக்கு எவர்சில்வர் கல்வெட்டு லிஃப்ட் கம்பெனி பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆக, வெளிச்சுவருக்குக் கறுப்பு கிரானைட். அதிலும் கடைக்காரர் ‘பிளாக் கேலக்ஸி’ காட்டினால் மயங்க வேண்டாம். ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டும் அந்தக் கல்லில் தங்கப் பொட்டு மின்னும். சமையல் மேடைக்கு அழகு, எழுத்துக்கு எதிரி. புள்ளி எது, பொட்டு எது என்று வாசிக்கிறவர் திணறுவார். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு போலப் பொடி மணியுள்ள, ஒரே நிறக் கல்தான் சரி. மூன்றடிக்கு இரண்டடி, 20 மில்லிமீட்டர் கனம் என்றால் எடை முப்பது கிலோவைத் தாண்டும். சிமென்ட்டை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். நாலு மூலையிலும் துளையிட்டு ஸ்க்ரூவும் பித்தளை மூடியும் போடச் சொல்லுங்கள்.

உண்மையான போட்டி கல்லில் இல்லை, எழுத்தை எப்படி எடுப்பது என்பதில் இருக்கிறது. லேசர் மலிவு, வேகம், தலைவர் படம்கூட வரும். ஆனால் அது மெருகை மட்டும் சுரண்டி வெளுப்பாக்குகிறது, ஆழம் கிடையாது. எண்ணெய்க் கையும் தூசியும் ஏற ஏற எழுத்து கல்லோடு கலந்துவிடும். எழுத்து வடிவில் வெட்டிய ஸ்டென்சில் உறையைக் கல்லில் ஒட்டி, மணல் பீய்ச்சி எடுக்கும் எழுத்து குழியாக இறங்கும். தங்கப் பெயின்ட் வெயிலில் உதிர்ந்தாலும் குழி இருக்கும், நிழல் விழும், படிக்கலாம். இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிக்குள் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டென்சில் துணுக்கு காற்றழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போனால் சுழி அடைந்து ஒரு பள்ளம்தான் மிஞ்சும். எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உளியால் வெட்டுவதுதான் மூன்றிலும் மேல். தஞ்சைப் பெரிய கோயிலில் தாமும் அக்கனும் (அக்கா குந்தவை) மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் ‘கல்லிலே வெட்டுக’ என்று ராஜராஜன் இட்ட ஆணை ஆயிரம் வருஷம் கழித்தும் விரலால் தடவிப் படிக்கக் கிடைக்கிறது. கை ஆளும் நேரமும் கிடைத்தால் தயங்காதீர்கள். கிடைக்காவிட்டால் மணல் பீய்ச்சல்.

அடிக்கல்லுக்கு ஒன்று, திறப்பு விழாவுக்கு ஒன்று என்று இரண்டு கல்வெட்டு வைப்பது இப்போதைய வழக்கம். சென்னை ரிப்பன் மாளிகைக்கு 1909-ல் மின்டோ பிரபு அடிக்கல் வைத்தார், 1913-ல் ஹார்டிஞ்ச் திறந்தார். நடுவில் நாலு வருஷம். அந்த இடைவெளியில் நம் ஊர் அடிக்கல் கல்வெட்டு தற்காலிகச் செங்கல் மேடையிலிருந்து பெயர்க்கப்பட்டு ஜல்லிக் குவியலில் சாய்ந்து கிடக்கும். இடமே மாறிவிடுவதும் உண்டு: 1911 டிசம்பர் 15 அன்று புது டெல்லிக்கு ஐந்தாம் ஜார்ஜ் தர்பார் முகாமில் நாட்டிய கற்கள், நகரம் ரைசினா குன்றுக்குப் போனதும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. எனக்குப் பிடித்தது ஒரே கல். மேல்பாதியில் அடிக்கல் விவரம் வெட்டி, கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, திறப்பு நாளில் நிரப்புவது. விழா மேடைக்கு ஃப்ளெக்ஸ் போதும்.

வாசகம் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். தேதி, கட்டடத்தின் பெயர், நாட்டியவர், கட்டிய பொறியாளர், தலைமைக் கொத்தனார். கடைசி இரண்டையும் எந்தக் கமிட்டியும் சேர்ப்பதில்லை, பதிலாக ‘முன்னிலை’யில் பதினேழு பெயர் வரும். சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். ஸ்டென்சில் வெட்டும் முன் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து, வாசகம் எழுதாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எழுத்துரு மாறி ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்பதைக் காகிதத்தில் பிடித்தால் செலவு ஒரு தாள்.