கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணை நம்பலாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இந்தக் கால்குலேட்டரை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை போட்டுவிடுங்கள். பத்து ஒன்பதுகளைத் தட்டி, சமக்குறி, ஷிஃப்ட், பிறகு பாகை-நிமிடப் பொத்தான். அந்த எண்ணின் பகாக்காரணிகள் 3²×11×41×271×9091 என்று வர வேண்டும்.

பகாக்காரணிகளைப் பிரித்துத் தரும் இந்த வசதி 10 இலக்கம் வரைதான். உள்ளே நடப்பது எளிது: 997 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கிறது. மிஞ்சுவது 1009-இன் வர்க்கமான 1018081-ஐ விடச் சிறியதென்றால் அது பகா எண்ணேதான். அதனால்தான் 9091 தைரியமாக வெளியே நிற்கிறது. அந்த எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு விட்டுவிடும். பி.யூ.சி. (கர்நாடகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ) பிள்ளைகள் பலர் அதைப் பகா எண் என்றே எழுதிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

1234567890-ஐக் கொடுத்தால் 2×3²×5×(13717421) என்று வரும். உள்ளே இருப்பது பகு எண். உடைக்க அதே கருவி போதும்: இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அந்த இரு எண்களின் கூட்டலும் கழித்தலுமே காரணிகள். மெனுவில் 9-ஐ அழுத்தி டேபிள் முறைக்குப் போய், √(எக்ஸ்²−13717421) என்று கொடுங்கள். வர்க்கமூலம் 3703.7 சொச்சம்; ஆகவே தொடக்கம் 3704, படி 1. முதல் வரிசையில் 46.85 என்று பின்னம் வரும், பயனில்லை. இரண்டாவது வரிசையில், 3705-க்கு நேரே, சுத்தமாக 98. 3705-உடன் 98-ஐக் கூட்டினால் 3803, கழித்தால் 3607. இரண்டும் பகா எண்கள், வேலை முடிந்தது. இரு காரணிகளும் அருகருகே இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். தள்ளித் தள்ளி இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

இப்போது 4294967297. அதாவது 2³²+1. கணிதர் ஃபெர்மா, ‘இது பகா எண்’ என்று நம்பியதை 1732-இல் இன்னொரு கணிதரான ஆய்லர் உடைத்த எண். திரையில் 641×(6700417). இங்கே உள்ளே இருப்பது உண்மையிலேயே பகா எண், ஆனால் அடைப்புக்குறி அதையும் அப்படியேதான் காட்டுகிறது. நிரூபிக்க ஒரு குறுக்குவழி உண்டு: 2³²+1-இன் பகாக்காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 997-க்கு மேல் அதுவரை அப்படிப்பட்ட பகா எண்கள் 1153, 1409 இரண்டே. முதலாவதில் மீதி 334, அடுத்ததில் 622. இரண்டே வகுத்தலில் தீர்ந்தது, என்ன அழகு!

காரணிப்படுத்த மட்டும் வேண்டுமென்றால் விலை குறைந்த 991இஎஸ் பிளஸ் போதும். அதிலும் இதே எல்லைதான். 2⁶⁷−1 போன்ற 21 இலக்க எண்ணுக்கு இரண்டுமே உதவாது, கடைசி இலக்கங்கள் திரையிலேயே வராது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் பாரி/ஜிபி மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள்: 193707721×761838257287 என்று உடனே தந்துவிடும்.